ஏழுக்கு இரண்டு குறைவு

பிப்ரவரி 4

சிட்டுவுக்கு,

அப்பா பேசுகிறேன். எழுதுவது கீழே இருக்கும் மருந்துக்கடை அம்மா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நான் பேசுவது போலவே எழுதினால் நீ படிக்கச் சிரமப்படுவாய் என்று கொஞ்சம் திருத்தி எழுதுகிறார். விஷயம் என்னுடையதுதான்.

நீ போனை எடுக்கவில்லை என்று எனக்கு வருத்தமில்லை. எடுத்தாலும் கேட்கப் போவதில்லை. நாற்பத்தோரு வருடம் கிடங்கின் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நின்ற காது. போனில் வந்தால் எல்லாக் குரலும் தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரிதான். இடது காதோரம் வந்து கத்தினால் மனிதக் குரல் என்று தெரியும்.

உன் அண்ணனை எழுதச் சொல்லியிருக்கலாம். இது அவனைப் பற்றியும் இருப்பதால் சொல்லவில்லை.

நீ வீட்டை விட்டுப் போனது ஜூன் ஒன்பதாம் தேதி. மழை விட்டு அரைமணி நேரம் இருக்கும். மேஜை மேல் நான் வாங்கிய இரண்டு லேப்டாப். இரண்டும் சாம்பல் நிறம், ஒரே கம்பெனி, அகல நீளத்தில் வித்தியாசம் கிடையாது. அண்ணனுடையதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஏழு, உன்னுடையதில் ஐந்து. எழுத்துத்தான் எனக்குத் தெரியாதே தவிர எண்களின் முகம் தெரியும். நான்தான் ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தேன். நீ வாங்கிக்கொண்டு, "எனக்கு எப்பவும் ரெண்டு குறைச்சுத்தான் குடுப்பீங்கப்பா" என்றாய். அண்ணி போட்ட காபியை நீ தொடவில்லை. அது ஆடை கட்டும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்பவும் என்று சொன்னாய் பார், அது சரியில்லை. ஜன்னல் பக்கத்துக் கட்டில் மூன்று வருடம் உன்னுடையது. அதை நீ கணக்கில் சேர்க்கவில்லை.

வேலை எப்படிப் போகிறது? எழுது. பதில் வந்தால் இந்த மருந்துக்கடை அம்மா கடையில் வைத்துத்தான் படித்துக் காட்டுவார். என் காதுக்குக் கேட்கிற மாதிரி படித்தால் தெருவுக்கே கேட்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் அண்ணி என் பிரஷர் மாத்திரை வாங்க வருவாள். அதையும் மனதில் வைத்துக்கொள்.

அப்பா


பிப்ரவரி 13

மருந்துக்கடை அக்காவுக்கு வணக்கம். இதைப் படிக்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம். அண்ணி வந்திருந்தால் உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள்.

அப்பா,

ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு வந்தது, அந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்லாததால். கொக்கி வைத்த பிறகு அது அண்ணனுக்குப் போயிற்று. உங்கள் ஞாபகத்தில் பாதிதான் இருக்கிறது போலும்.

அவனுக்குப் புது சைக்கிள், எனக்கு அவன் ஓட்டித் தள்ளிய பழையது. அவனுக்குக் கதவு வைத்த அறை, எனக்குத் திரை வைத்த மூலை. பட்டியல் போட்டால் அக்காவின் தாள் தீர்ந்துவிடும்.

வேலையைக் கேட்டீர்கள். ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். ஆசிரியர்கள் பேசிய பாடங்களை வெட்டி, ஒட்டி, கீழே எழுத்துப் போடுவது என் கை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீடியோவாக்குவது லேப்டாப். அது முடிகிறவரை நான் அடுத்ததைத் தொட முடியாது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு பாடம் கேட்கிறார்கள். என்னால் நான்குதான் முடிகிறது. வேலையில் சேர்ந்த அன்றே ஒரு தாள் கொடுத்தார்கள். பிராசசர், அதாவது அந்த ஸ்டிக்கர் எண், ஏழாக இருந்தால் நல்லது என்று அதில் போட்டிருந்தது.

நாங்கள் ஒன்பது பேர் தற்காலிகம். மார்ச் இருபத்தெட்டாம் தேதி நான்கு பேரை நிரந்தரமாக்கிவிட்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். என்னை அனுப்பினால் இந்த அறையைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டு ஹாலில் பாயைப் போட வேண்டியதுதான். அந்த ஹாலுக்குத் திரைகூடக் கிடையாது.

பஸ் கம்பெனியில் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தட்டுகிற அண்ணனுக்கு எதற்கு ஏழு? கேட்கவில்லை. சும்மா சொன்னேன்.

சிட்டு


பிப்ரவரி 19

சிட்டுவுக்கு,

கடிதம் படிக்கப்பட்டது. அண்ணி வரவில்லை, ஆனால் இருமல் மருந்துக்கு வந்த இரண்டு பேர் முடிவு தெரியாமல் போக மாட்டோம் என்று நின்றார்கள்.

கொக்கி விஷயம் நீ சொல்வது சரி. மறக்கவில்லை, சொல்லாமல் விட்டேன்.

சைக்கிள் அப்படி இல்லை. அந்தப் பழைய சைக்கிளுக்குச் சங்கிலி புதிதாகப் போட்டேன். பின்சக்கரப் பல் மாற்றினேன், பிரேக் கட்டை நான்கும் மாற்றினேன். பெயின்ட் மட்டும் அடிக்கவில்லை. அது ஓடியதா இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும்.

சரி, அது போகட்டும். எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஸ்டிக்கரை வைத்து நாம் ஏன் பேசிக்கொண்டிருக்க வேண்டும்? கிடங்கில் இரண்டு லாரி நின்று, எது முந்தி இறக்குகிறது என்று சண்டை வந்தால் எண்ணிப் பார்ப்போம். சறுக்குப் பலகையில் ஒரு மூட்டை இறங்கும் நேரத்துக்கு ஓர் எண். என் எண் ஓடவும் ஓடாது, நிற்கவும் நிற்காது. கடை அம்மா சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். நான் அறுபது எண்ணினால் சரியாக ஒரு நிமிடம். அவருக்கே ஆச்சரியம்.

ஒரே பாடத்தை உன்னுடையதிலும் அண்ணனுடையதிலும் வீடியோவாக்கிப் பார்ப்போம். அங்கே நீ பார், இங்கே நான் எண்ணுகிறேன். அதற்கு வேண்டியதைப் பென் டிரைவில் போட்டு அனுப்பு. உன் லேப்டாப்பை எங்கே வைத்து, எதன் மேல் வைத்து வேலை செய்கிறாய் என்றும் எழுது. மூட்டையை எங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் எதையும் எண்ணியதில்லை.

அப்பா


பிப்ரவரி 26

அப்பா,

பென் டிரைவ் இதோடு வருகிறது. பாடமும் அதை வீடியோவாக்கும் மென்பொருளும் அதில் இருக்கின்றன. அண்ணனுக்கு எப்படி ஓட்டுவது என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் அந்தத் தாளைக் கேட்கட்டும், என்னைக் கேட்க வேண்டாம்.

என்னுடையதில் பார்த்துவிட்டேன். பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி. உங்கள் கணக்கில் ஆயிரத்து நூற்று எண்பது.

எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறது, அதன் மேல். வெளிச்சம் அங்கேதான். இந்த அறைக்கு இருக்கிற ஒரே பிளக் கதவுப் பக்கம் இருக்கிறது. காலையில் குளித்துச் சமைக்கிற நேரத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, பிறகு பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிடுவேன். மத்தியானம் சாப்பிடும்போது மறுபடி. அந்தச் சார்ஜர் ஒரு செங்கல். பக்கத்தில் வைத்துக்கொள்ளவே பிடிக்காது.

இதில் உங்களுக்கு என்ன தெரியப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில்.

சிட்டு


மார்ச் 6

சிட்டுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணினேன். உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

உன் அண்ணன் முதலில், "எதுக்குப்பா இதெல்லாம்?" என்றான். "சிட்டு அனுப்பியிருக்கா, ஓட்டிப் பாரு" என்றேன். "போட்டியா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அண்ணி அடுப்படியிலிருந்து, "ஜெயிக்கிறது யாருன்னு ஸ்டிக்கர்லயே எழுதியிருக்கே மாமா, அப்புறம் எதுக்குக் கரண்டைச் செலவழிக்கிறீங்க?" என்றாள். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவன் சிரித்துவிட்டு என் காதில் திரும்பச் சொன்னான்.

அந்த ஸ்டிக்கர் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை அவன் இன்னும் உரிக்கவில்லை. தூசி படாமல் வைத்திருக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் லேப்டாப்பை அந்த மூலை தெரிகிற மாதிரித் திருப்பி வைக்கிறான். லிப்ட் பழுதுபார்க்க வந்தவருக்குக்கூடக் காட்டினான்.

எண்ணூற்று எழுபது. அதாவது பதினான்கரை நிமிடம். உன்னுடையதைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் முந்திவிட்டது. "அஞ்சு எப்பவும் அஞ்சுதான்பா" என்றான். அன்றைக்கு மட்டும் மூன்று பேருக்குப் போன் போட்டான்.

ஆனால் எனக்கு இது மனதில் ஒட்டவில்லை. அண்ணனுடையதில் ஒயர் எப்போதும் சொருகியே இருக்கிறது. உன்னுடையதில் நீ பிடுங்கிவிடுகிறாய்.

கிடங்கில் கடைசிப் பத்து வருடம் பேட்டரியில் ஓடும் தூக்கு வண்டி இரண்டு இருந்தன. பெரியது இருபது மூட்டை தூக்கும். அதுவே சார்ஜ் இறங்கக் கூடாது என்று தனக்குத்தானே கையைச் சுருக்கிக்கொள்ளும். அப்போது சின்ன வண்டி அதை முந்திவிடும். வண்டியில் எழுதியிருக்கிற எண் இறங்கவே இறங்காது. வேலைதான் இறங்கும்.

அந்தச் செங்கலைச் சொருகிக்கொண்டு ஒரு தடவை ஓட்டிப் பார்.

அப்பா


மார்ச் 12

அப்பா,

எனக்குப் பத்தொன்பது நாற்பது, அவனுக்குப் பதினான்கு முப்பது. நான் ஜூன் மாதம் சொன்னதை நீங்களே மார்ச்சில் எண்ணிக் காட்டிவிட்டீர்கள்.

தூக்கு வண்டிக் கதை வேண்டாம். லேப்டாப் மூட்டை தூக்குவதில்லை.

அண்ணனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அக்கா, இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

சிட்டு


மார்ச் 14

அப்பா,

முந்தாநாள் எழுதியதைத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். வேலையில் மனம் செல்லவில்லை. லேப்டாப்பைக் கதவுப் பக்கம் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்து, செங்கலைச் சொருகி, அதே பாடத்தை ஓட்டினேன். நீங்கள் சொன்னது தவறு என்று எழுதுவதற்காகத்தான்.

ஒன்பது நிமிடம் பத்து விநாடி.

நம்பாமல் மறுபடி ஓட்டினேன். ஒன்பது எட்டு. ஒயரைப் பிடுங்கினேன். பத்தொன்பது ஐம்பது. திரும்பச் சொருகினேன். ஒன்பது பன்னிரண்டு. பகல் முழுக்க இதே வேலை. அன்றைக்கு ஒரு பாடமும் அனுப்பவில்லை. மறுநாள் வெட்டுவதும் ஒட்டுவதும்கூடச் சிக்காமல் ஓடியது, ஏழு அனுப்பினேன்.

எங்கள் நிறுவனத்தின் கணினி மெக்கானிக்கைக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஏழு, அஞ்சுங்கறது மாடி நம்பர் மாதிரிம்மா. எந்தக் கட்டடம்னு தெரியாம மாடியை மட்டும் சொல்லி என்ன பண்றது?" என்றார். ஏழுக்குப் பின்னால் வருகிற எண்தான் எந்த வருடத்துச் சரக்கு என்று சொல்லுமாம். கடைசியில் ஓர் எழுத்து இருக்குமாம். கரண்டைச் சிக்கனமாகத் தின்று மெதுவாக ஓடுவதா, நிறையத் தின்று வேகமாக ஓடுவதா என்று அது சொல்லுமாம். ஸ்டிக்கரில் அது இருக்காது. லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியின் வெள்ளைச் சீட்டில் இருக்கும். பேட்டரியில் ஓட்டினால் நிறையத் தின்பது பாதியாகிவிடும் என்றும் சொன்னார். நீங்கள் தூக்கு வண்டியில் சொன்னதைத்தான் அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பார்த்தேன். நிறையத் தின்கிற ரகம்.

அண்ணன் பெட்டியில் என்ன இருக்கிறது? அதைவிட எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். லேப்டாப்பை எங்கே வைத்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்டது தற்செயலாகத் தோன்றவில்லை. எண்ணுவதற்கு முன்பே உங்களுக்கு எது வேகம் என்று தெரியுமா?

சிட்டு


மார்ச் 20

சிட்டுவுக்கு,

இதை மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மருந்துப் பெட்டிகள் இருக்கிற உள்ளறையில் உட்கார்ந்து சொல்கிறேன். மெதுவாகப் பேசச் சொல்லி அம்மா கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். மெதுவாகப் பேசினால் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை. பேசுகிறேனா என்று அவர் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

அண்ணன் பெட்டி அலமாரி மேல் இருக்கிறது. அதை இறக்க வேண்டிய தேவையில்லை. ஜூன் மாதம் கடையிலேயே இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டேன். படிக்கத் தெரியாதவன் பெட்டியைப் படமாகத்தான் பார்ப்பான், பார்த்தால் மனதை விட்டுப் போகாது. அண்ணன் சீட்டில் ஏழுக்குப் பின்னால் ஒன்று, பூஜ்யம், இன்னும் மூன்று எண், கடைசியில் ஒரு கிண்ணம். உன்னுடையதில் ஐந்துக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, இன்னும் மூன்று எண், கடைசியில் ஒரே ஒரு படி வைத்த ஏணி. கிண்ணம் யூ, ஏணி எச் என்று அம்மா சொன்னார். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் கிண்ணம் சிக்கனமாம், ஏணி நிறையத் தின்பதாம். அது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கடைக்காரர் இரண்டு லேப்டாப்பையும் மேஜையில் வைத்து, ஒயர் சொருகி, இரண்டிலும் ஒரு சோதனை ஓட்டினார். ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெரிய படம் கட்டம் கட்டமாக நிறைந்தது. நீங்கள் இருவரும் குனிந்து ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் படத்தைப் பார்த்தேன்.

ஐந்து எழுதியிருந்ததில் தொண்ணூற்று ஐந்து எண்ணுவதற்குள் படம் முடிந்துவிட்டது. ஏழு எழுதியிருந்ததில் நூற்று ஐம்பது ஆயிற்று. கடைக்காரர் சார்ஜர்களைக் கையில் கொடுத்தபோது தூக்கிப் பார்த்தேன். உன்னுடையது கனம். கனமான ஒயர் எந்த வண்டிக்கு வரும் என்று எனக்குத் தெரியும். சீட்டைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எண்ணையும் கனத்தையும் வைத்துத்தான் தெரியும்.

தெரிந்துதான் அதை உனக்கு எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்பது மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் உன் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அவன் வாங்கிக் கொடுத்த கட்டிலில் படுத்து, அவன் பெண்டாட்டி போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு, "உனக்குக் குறைஞ்சதைக் குடுத்தேண்டா" என்று எப்படிச் சொல்ல? அவனுடைய ஆபீசில் மூன்று தடவை அவனைத் தாண்டி வேறு ஆட்களை மேலே ஏற்றினார்கள். மூன்றாவது தடவை ஏற்றப்பட்டது அவன் வேலை கற்றுக்கொடுத்த ஆள். அன்றைக்குக் கடையில் அவன் அந்த ஏழின் மேல் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. அவனுக்கு அது போதுமாக இருந்தது. உனக்கு வேகம் வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் வேண்டியது வேறு வேறாக இருந்ததில் எனக்கு நிம்மதி.

நீ ஜன்னலில் உட்கார்ந்து ஒயரைப் பிடுங்குவாய் என்று நான் நினைக்கவில்லை. அது என் தப்பு. நீ கோபித்துக்கொண்டு போவாய் என்று நினைத்தேன். ஆனால் ஒரு வாரத்தில் வந்துவிடுவாய் என்றும் நினைத்தேன். அந்த எண் மட்டும் தவறிவிட்டது.

போட்டியில் ஜெயித்துவிட்டதாக அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். உன் போன கடிதத்தை அம்மா படித்தபோது அண்ணி கடையில் இல்லை, ஒன்பது நிமிடத்தை நானும் அவனிடம் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் இனி உன் பாடு. உனக்குத்தான் கேலி விழுந்திருக்கிறது, உனக்குத்தான் உரிமை. நாளைக்கே நீ எழுதி அம்மா உரக்கப் படித்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வேறு இடம் பார்த்துக்கொள்வேன்.

அப்பா


மார்ச் 29

மருந்துக்கடை அக்கா,

இந்தக் கடிதம் இரண்டு தாள். முதல் தாளை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளறையில் படியுங்கள். இரண்டாவதை வெளியே, மாலை ஐந்து மணிக்கு.

முதல் தாள்

அப்பா,

நேற்று நான்கு பேர் பட்டியல் வந்தது. நான் இரண்டாவது. ஒரு நீளமான ஒயர் வாங்கி, கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் இழுத்துவிட்டேன். இப்போது வெளிச்சமும் இருக்கிறது, செங்கலும் இருக்கிறது. நடக்கும்போது மட்டும் காலைத் தூக்கி வைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை நான்கு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அண்ணன் வீட்டில் சொல்ல முடியாது, சரி. என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு தாள், இந்த அக்கா, பாதி ஷட்டர், இதெல்லாம் ஜூன் மாதமும் இருந்தன. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அதைப் போய்விட்டது என்று எழுத மாட்டேன்.

ஆனால் சைக்கிளைக் கேட்டிருந்தீர்கள், அதற்கு நான் பதில் எழுதவில்லை. ஓடியது. தண்ணீர்த் தொட்டிச் சரிவில் தினமும் அவனுடைய புதிய சைக்கிளை அது முந்தப் பார்க்கும். நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குவேன். முந்திவிட்டால் அவன் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிடுவான். நீங்கள் போட்ட நான்கு கட்டையும் அதில்தான் தேய்ந்தன. இதை நானும் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

வேறு இடம் எதுவும் பார்க்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். லேப்டாப்பையும் கொண்டு வருகிறேன், அவன் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்வான். காட்டுகிறேன். சார்ஜரை மறந்து அறையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

சிட்டு

இரண்டாவது தாள்

அப்பா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அண்ணியைக் காபி போட்டு வைக்கச் சொல்லுங்கள், இந்தத் தடவை குடிக்கிறேன். வேலை எப்படியோ நிலைத்துவிட்டது, என் அதிர்ஷ்டம். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவனுக்கு ஏழு, எனக்கு ஐந்து. எனக்கு எப்போதும் நீங்கள் இரண்டு குறைத்துத்தான் கொடுப்பீர்கள்.

அக்கா, கடைசி வரியை அண்ணிக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி படியுங்கள்.

சிட்டு